‘அவன்’, ‘அவர்’: இரண்டும் மூன்றெழுத்துதான்

கேள்வி இது: “வெளிநாட்டில் கணினி அறிஞர் ஆலன் ட்யூரிங், எழுத்தாளர் ஆஸ்கர் வைல்ட் என்று பெரிய பட்டியலே வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் திருநங்கைகளும், தன்பாலீர்ப்பு கொண்டவர்கள் போன்ற மற்ற பால்புதுமையினரும் கலைக்கும் பொதுவாழ்க்கைக்கும் அப்படி என்ன செய்துவிட்டார்கள்? கூவாகம் தவிர வேறு எதுவும் காதில் விழுவதில்லையே.”

காதில் விழாமல் போனதற்கு நானும் ஒரு காரணம். இருபது வருடங்களுக்கு மேல் ஒரு தமிழ் நாளிதழின் செய்திப் பிரிவில் இருந்தவன். ஊர் நிருபர்கள் அனுப்பும் செய்தியைத் திருத்தி, தலைப்பு வைத்து, இரவு பக்கம் முடித்து அச்சுக்கு அனுப்புவது வேலை. ‘முதல் திருநங்கை எஸ்.ஐ.’, ‘முதல் திருநங்கை வழக்கறிஞர்’, ‘முதல் திருநங்கை செய்தி வாசிப்பாளர்’ என்று நானே எத்தனை தலைப்பு வைத்திருப்பேன் என்பதற்குக் கணக்கு இல்லை. படத்தோடு மூன்று பத்தி. மறுநாள் அந்த ஆளை மறந்துவிடுவோம். இரண்டாவதாக ஒருவர் வந்தால் அது செய்தி இல்லை. வாசகர் மனதில் ‘முதல்’ என்ற சொல் மட்டும் மிஞ்சும். அந்த ஆள் எதை மாற்றிவிட்டுப் போனார் என்பது பதியாது. அதனால் உங்களுக்கு ‘முதல்’ பட்டியல் தரப் போவதில்லை. அவர்கள் வந்துபோன பிறகு நம் மொழியிலும் மேடையிலும் சட்டத்திலும் தங்கிவிட்டது என்ன என்று சொல்கிறேன்.

மொழியிலிருந்து தொடங்குகிறேன். எனக்குத் தெரிந்த இடம் அதுதான்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது ‘அலி’ என்று கூசாமல் அச்சிட்டுக்கொண்டிருந்தோம். பிறகு ‘அரவாணி’ வந்தது. கூவாகத்துக் கூத்தாண்டவர் கதையில் வரும் அரவானின் மனைவி என்ற பொருளில் எழுந்த சொல் அது. கேலி போய் ஒரு கதை வந்தது, நல்லதுதான். ஆனால் வருடம் முழுக்க ஒருவரை ஒரே ஒரு திருவிழாவில் கொண்டுபோய்க் கட்டிப்போடுகிற பெயர். சித்திரைப் பௌர்ணமிக்குத் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அறுப்பதைத் தவிர அவர்களுக்கு வேறு வாழ்க்கை இல்லையா என்ன?

அந்தக் காலத்தில் ஒரு கூவாகம் இரவு. உளுந்தூர்ப்பேட்டை பக்கமிருந்து படமும் செய்தியும் வந்தன. படத்துக்குக் கீழே ‘அழகிகள்’ என்று ஒற்றை மேற்கோளுக்குள் போட்டேன். மேற்கோள் எதற்கு என்று இப்போது கேட்டால் பதில் இல்லை. எல்லோரும் போட்டார்கள், நானும் போட்டேன். செய்திக்குள் ஒருவரின் பேச்சை எழுதிவிட்டு ‘என்றான்’ என்று முடித்திருந்தது. அப்படியே விட்டேன். மறுநாள் இரவு அலுவலகத்துக்குத் தொலைபேசி. விழுப்புரத்திலிருந்து ஒரு திருநங்கை. திட்டுவார் என்று நினைத்தேன். நிதானமாகக் கேட்டார்: “அண்ணே, ‘அவன்’னு எழுதுறீங்க. ‘அவர்’னு எழுதினா மை கூடுதலா செலவாகுமா? ரெண்டும் மூணெழுத்துதானே?”

வைத்துவிட்டார். நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். மூன்றுதான்.

தமிழ்ப் பத்திரிகையில் இந்த மூன்றெழுத்துக்கு ஒரு சாதி வரிசையே உண்டு. அமைச்சர் ‘அவர்’. ஆசிரியர் ‘அவர்’. பிடிபட்ட திருடன் ‘அவன்’. திருநங்கையை எந்த வரிசையில் வைத்திருந்தோம் என்பது வினைமுற்றிலேயே தெரிந்துவிடும். ஆங்கிலேயர் இன்றைக்கு ஆண் பெண் பிரிக்காத பிரதிப்பெயருக்கு அடித்துக்கொள்கிறார்கள். நம்மிடம் ‘அவர்’ காலங்காலமாகக் கையில் இருக்கிறது. எடுத்துக் கொடுக்கத்தான் மனம் வரவில்லை.

இதில் வேடிக்கை, இலக்கணம் நம்மைவிட முன்னால் போயிருந்தது. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில், கிளவியாக்கத்தில், ஒரு நூற்பா: “ஆண்மை திரிந்த பெயர்நிலைக் கிளவி ஆண்மை அறிசொற்கு ஆகிடன் இன்றே.” ஆண்தன்மையிலிருந்து விலகியவரைக் குறிக்கும் பெயருக்கு ஆண்பால் வினைமுற்று வராது என்பது விதி. அதாவது ‘என்றான்’ என்று நான் விட்டது இலக்கணப் பிழை! அதே இயலில் இன்னொரு நூற்பா, இவர்களைக் குறிக்கும் பெயரையும் தெய்வத்தைக் குறிக்கும் பெயரையும் ஒன்றாக வைத்து, இரண்டுக்கும் தனி ஈறு கிடையாது, உயர்திணை ஈறுகளைத்தான் பெறும் என்கிறது. நன்னூல் காலத்துக்கு வந்தால், பெண்மை விட்டு ஆண்மையை விரும்புவோர் ஆண்பால், ஆண்மை விட்டுப் பெண்மையை விரும்புவோர் பெண்பால் என்று ஒழுங்காகச் சொல்லிவிட்டு, இரண்டும் அஃறிணை போலவும் வரலாம் என்று கடைசியில் ஒரு வாலையும் ஒட்டுகிறார் பவணந்தி. அந்த வாலைத்தான் தெரு பிடித்துக்கொண்டது. ‘அது போகுது பார்’ என்று. பழம்பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. நூற்பா இருந்ததால் யாருக்கும் வாடகைக்கு வீடு கிடைத்துவிடவில்லை. ஆனால் ‘இதெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு’ என்று யாராவது சொன்னால் கிளவியாக்கத்தைக் காட்டுங்கள்.

‘திருநங்கை’ 2000-களில் புழக்கத்துக்கு வந்தது. முதலில் சொன்னது யார் என்று ஆளுக்கொரு கதை சொல்வார்கள். கருணாநிதி அரசு அதை அரசுச் சொல்லாக்கியது, சமூகத்தினர் அதைத் தங்கள் பெயராக ஏற்றுக்கொண்டார்கள். சொல்லை உடைத்துப் பார்த்தால் அழகு தெரியும். ‘திரு’ ஆணின் பெயருக்கு முன்னால் போடும் அடைமொழி; கோயிலுக்கும் போடுவது. ‘நங்கை’ பெண்களில் சிறந்தவள். நம்பிக்கு இணை நங்கை. ஆகவே பெண்ணாகப் பிறந்ததாகச் சொல்லப்பட்டு ஆணாக வாழ்பவருக்குத் ‘திருநம்பி’ தானாகவே அமைந்துவிட்டது. இப்படி ஒரு மரியாதையான இரட்டைச் சொல் வேறு எத்தனை மொழியில் இருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.

அதோடு நிற்கவில்லை. ‘ஓரினச்சேர்க்கையாளர்’ என்று நாங்கள் எழுதிக்கொண்டிருந்தோம். ஒரு மனிதரை அவர் படுக்கையறையை வைத்து மட்டும் அடையாளம் சொல்லும் பெயர் அது. ‘தன்பாலீர்ப்பு கொண்டவர்’ என்ற சொல்லும், எல்லோருக்கும் பொதுவாகப் ‘பால்புதுமையினர்’ என்ற சொல்லும் அவர்களிடமிருந்தே வந்தன. சென்னையின் ஓரினம், குயர் சென்னை கிரானிக்கிள்ஸ் போன்ற குழுக்கள் உட்கார்ந்து சொற்பட்டியல் தயாரித்தன. உயர் நீதிமன்றம் வலியுறுத்த, 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு அரசிதழிலேயே ஒரு சொற்றொகுதியை வெளியிட்டது. இவ்வளவு குறுகிய காலத்தில் ஒரு சிறு கூட்டம் தமிழுக்கு இத்தனை கலைச்சொற்களைத் தந்து, அவை அரசாணை வரை போய்ச் சேர்ந்த வேறொரு கதை எனக்குச் சட்டென்று நினைவுக்கு வரவில்லை.

அடுத்து மேடை. இதில் ஒருவரைப் பற்றி மட்டும் சற்று நீளமாகச் சொல்கிறேன், நர்த்தகி நடராஜ்.

மதுரை அனுப்பானடிக்காரர். சிறு வயதிலேயே தோழி சக்தியோடு வீட்டைவிட்டு வெளியேறியவர். வைஜெயந்திமாலாவின் ஆட்டத்தில் சொக்கி, அவருடைய குருவிடமே கற்க வேண்டும் என்று தஞ்சாவூர் கிட்டப்பா பிள்ளையிடம் போனார். பிள்ளை உடனே சேர்த்துக்கொள்ளவில்லை. காத்திருக்க வைத்துப் பார்த்துத்தான் எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொண்டபின் ஏறத்தாழ பதினைந்து ஆண்டு குருகுலம். ‘நர்த்தகி’ என்ற பெயரே அவர் வைத்தது. கிட்டப்பா பிள்ளை யார் என்று தெரிந்தால்தான் இதன் எடை புரியும். சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற தஞ்சை நால்வரின் வழிவந்தவர். இன்று உலகில் எந்த மூலையில் பரதநாட்டிய அரங்கேற்றம் நடந்தாலும் அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம் என்று தில்லானா வரை போகிறதே, அந்த வரிசையை ஒழுங்குபடுத்திய குடும்பம். அந்த வீட்டுச் சொத்தைக் கையில் வாங்கிக்கொண்டவர்களில் ஒருவர், ஊர் ஒதுக்கிய ஒரு திருநங்கை.

சங்கீத நாடக அகாடமி புரஸ்கார், கலைமாமணி, 2019-ல் பத்மஸ்ரீ என்று விருதுகள் வந்தன. பத்ம விருது பெற்ற முதல் திருநங்கை (பாருங்கள், என் கை தானாக ‘முதல்’ என்று எழுதிவிட்டது). பதினோராம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலிலும் அவர் வருகிறார். எனக்கு விருதைவிட முக்கியமாகப் படுவது அவர் எடுத்துக்கொண்ட பொருள். நாயகி பாவம், அதாவது பக்தர் தன்னைப் பெண்ணாகவும் கடவுளைக் காதலனாகவும் நினைத்து உருகுவது, அவருடைய தனி அடையாளம். நம்மாழ்வார் பெருமாளை நினைத்து ஏங்கும்போது பராங்குச நாயகி ஆகிவிடுகிறார். திருமங்கை மன்னன், வாளெடுத்த கள்ளர் தலைவன், பரகால நாயகி ஆகிவிடுகிறார். திருவரங்கத்தில் பகல் பத்தின் கடைசி நாளில் நம்பெருமாளே நாச்சியார் திருக்கோலத்தில் வருகிறார். ஆண் உடலில் பெண்ணாகி உருகுவது நம் பக்தியின் நடுக்கூடத்திலேயே இருக்கிறது. ஆயிரம் நர்த்தகிகள் அதை ஆடியிருக்கிறார்கள். இவர் ஆடும்போது அந்த ஏக்கம் உவமையாக நிற்காது. ஆடுகிறவரின் சொந்த வாழ்க்கையாகிவிடும்.

சிலப்பதிகாரக் கடலாடு காதையில் மாதவி ஆடும் பதினோரு ஆடல்களில் ஒன்று, “ஆண்மை திரிந்த பெண்மைக் கோலத்துக் காமன் ஆடிய பேடி ஆடல்.” தொல்காப்பியத்தின் அதே ‘ஆண்மை திரிந்த’. அங்கே பெண்ணான மாதவி, பெண்கோலம் பூண்ட ஆண் தெய்வத்தை ஆடுகிறாள். இதைப் பாடமாக நடத்தும் வகுப்பில் பையன்கள் சிரிப்பார்கள். நாங்களும் சிரித்தோம்.

எழுத்துக்கு வருகிறேன். நாமக்கல் மாவட்டக் கிராமம் ஒன்றிலிருந்து கிளம்பி, டெல்லி, மும்பை என்று அலைந்து, பிறகு பெங்களூருவில் பால்புதுமையினர் உரிமைக்கான சங்கமா அமைப்பில் வேலை பார்த்தவர் ரேவதி. 2000-களின் நடுவில் தன்னைப் போன்றவர்களைத் தேடிப் போய்ப் பேசி, அவர்கள் வாய்மொழியை ‘உணர்வும் உருவமும்’ என்று தொகுத்தார். தன் கதையைத் தமிழில்தான் எழுதினார். ஆனால் அது முதலில் 2010-ல் ஆங்கில மொழிபெயர்ப்பாக வந்தது; அதன் பிறகுதான் ‘வெள்ளை மொழி’ என்று தமிழில் புத்தகமானது. 2019-ல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு பதாகை கட்டினார்கள். கட்டடத்தின் நெற்றியில் ஹோமர், பிளேட்டோ, அரிஸ்டாட்டில் என்று ஆண் பெயர்களே செதுக்கியிருப்பதால், அதற்குப் பதிலாகப் பெண் எழுத்தாளர் பெயர்கள். டோனி மாரிசன், மாயா ஏஞ்சலோ பெயர்களோடு ஏ. ரேவதி என்ற பெயரும் அங்கே தொங்கியது. நம் பத்திரிகையில் எத்தனை பத்தி போட்டோம் என்று கேட்காதீர்கள்.

2007-ல் வந்தது லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான், சரவணன் வித்யா’. மொழியியல் முதுகலை படித்தவர் எழுதிய நூல் என்பது வாக்கியத்துக்கு வாக்கியம் தெரியும். முதுகலைப் பட்டம் வாங்கியவர் கடை கேட்கப் போக வேண்டியிருந்தது ஏன் என்பதை அழாமல் எழுதியிருக்கிறார். (கடை கேட்பது என்றால் கடை கடையாகப் போய்க் கைதட்டிக் காசு வாங்குவது. சமூகத்துக்குள் வழங்கும் சொல்.) இந்த நூலை வைத்துக் கன்னடத்தில் ஒரு படம் எடுத்தார்கள்; அதில் நடித்த சஞ்சாரி விஜய்க்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது. தமிழ்ச் சினிமா அப்போதும் திருநங்கையைப் பார்த்தால் நகைச்சுவைக் காட்சிக்குத்தான் ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தது. வித்யா பிறகு நண்பர்களோடு பன்மை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். பிரியா பாபு ‘மூன்றாம் பாலின் முகம்’ என்று நாவல் எழுதினார். சமூக வரைவியல் எழுதினார். இன்று மதுரையில் திருநங்கையர் குறித்த ஆவணங்களையும் புத்தகங்களையும் சேர்த்து வைத்து ஒரு மையம் நடத்துகிறார். பத்திரிகைக் கத்தரிப்புகளைக்கூட. என் ஒற்றை மேற்கோள் ‘அழகிகளும்’ அங்கே எங்காவது கோப்பில் இருக்கலாம்.

இனி சட்டமும் அரசும். இவர்களுக்குச் சட்டம் என்ன செய்தது என்றுதான் எல்லோரும் பேசுவார்கள். இவர்கள் சட்டத்துக்கு என்ன செய்தார்கள் என்பதைச் சொல்கிறேன்.

ஒரு விண்ணப்பப் படிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, அப்புறம் ‘பால்: ஆ / பெ’. நீங்களும் நானும் அந்தக் கட்டத்தில் அரை நொடி கூட நின்றிருக்க மாட்டோம். சேலத்து ப்ரித்திகா யாஷினி அங்கே நின்றார். உதவி ஆய்வாளர் தேர்வுக்கு அவர் போட்ட விண்ணப்பம் தள்ளுபடியானது. உயர் நீதிமன்றம் போனார். எழுத்துத் தேர்வுக்கு ஒரு உத்தரவு, உடல்தகுதித் தேர்வுக்கு ஒரு உத்தரவு என்று படிப்படியாக வாங்கித்தான் ஒவ்வொரு கதவையும் திறந்தார். 2015 நவம்பரில் தீர்ப்பு வந்தது. அவருக்கு வேலை கிடைத்ததோடு, அடுத்த ஆட்சேர்ப்பிலிருந்து மூன்றாம் பாலினத்துக்கு இடம் வைக்க ஏற்பாடு செய்யுங்கள் என்றும் அதில் இருந்தது. 2017-ல் தருமபுரியில் பொறுப்பேற்றார். நாங்கள் ‘முதல் திருநங்கை எஸ்.ஐ.’ என்று போட்டோம். ‘படிவம் மாறியது’ என்று போட்டிருக்க வேண்டும்.

ராமநாதபுரத்துக்காரர் சத்யஸ்ரீ ஷர்மிளா 2007-லேயே சேலத்தில் சட்டம் முடித்துவிட்டார். வழக்கறிஞராகப் பதிவு செய்தது 2018-ல். நடுவில் போன பதினோரு வருடத்தை யோசித்துப் பாருங்கள். அந்தக் காலத்தில்தான் மற்ற எல்லாம் நடந்தன: 2008 ஏப்ரல் 15 அன்று திருநங்கையர் நலவாரியம், அரசுக் கல்லூரிச் சேர்க்கை, ரேஷன் அட்டை, அரசு மருத்துவமனையில் இலவச அறுவை சிகிச்சை. சரியாக ஆறு வருடம் கழித்து அதே ஏப்ரல் 15 அன்று, 2014-ல், உச்ச நீதிமன்றம் தன் பாலினத்தைத் தானே முடிவு செய்துகொள்ளும் உரிமையை நாடு முழுவதற்கும் அறிவித்தது.

எனக்கு மிகவும் பிடித்த தீர்ப்பு 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கொடுத்தது. தூத்துக்குடியில் ஓர் ஆணும் திருநங்கையும் கோயிலில் திருமணம் செய்துகொண்டார்கள். பதிவு செய்ய மறுத்துவிட்டார்கள். நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், இந்து திருமணச் சட்டத்தில் ‘மணமகள்’ என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று சொல்லிப் பதிவு செய்யச் சொன்னார். அதோடு முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. ஆண் பெண் என்று பிரித்துச் சொல்ல முடியாத உடலமைப்போடு பிறக்கும் குழந்தைகளுக்கு, பெற்றோர் பதறிப்போய், கைக்குழந்தையிலேயே அறுவை சிகிச்சை செய்து ‘சரி’யாக்கிவிடுவது வழக்கம். பிறகு அந்தக் குழந்தை வளர்ந்து, தன்னைக் கேட்காமல் வெட்டிவிட்டார்களே என்று நிற்கும். மதுரையின் கோபி ஷங்கர் போன்ற இடைபாலினச் செயல்பாட்டாளர்கள் இதைப் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதை எடுத்து அந்தத் தீர்ப்பிலேயே, இந்த அறுவை சிகிச்சைகளைத் தடை செய்யுங்கள் என்று அரசுக்கு உத்தரவிட்டார் நீதிபதி. ஆகஸ்டில் அரசாணை வந்தது. உயிருக்கு ஆபத்தான நிலை தவிர மற்றபடி கூடாது. இந்தியாவில் முதலில் செய்தது தமிழ்நாடு. ஒரு கல்யாணப் பதிவில் தொடங்கியது, எந்தப் பிரசவ வார்டிலோ பிறக்கப்போகும் குழந்தையைக் காப்பாற்றுவதில் போய் முடிந்தது. அந்தக் குழந்தை உங்கள் வீட்டிலும் பிறக்கலாம், என் வீட்டிலும் பிறக்கலாம்.

2021-ல் இன்னொன்று. மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள், காதலர்கள், சென்னைக்கு வந்துவிட்டார்கள். பெற்றோர் காணவில்லை என்று புகார் கொடுக்க, போலீஸ் தேட, பாதுகாப்பு கேட்டு உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் செய்தது நான் அதுவரை கேள்விப்படாதது. இந்த விஷயத்தில் தனக்கே முன்முடிவுகள் இருப்பதாக உத்தரவில் எழுதிவிட்டு, உளவியல் நிபுணரிடம் அமர்வுக்குப் போனார். சமூகத்தைச் சேர்ந்தவர்களைச் சந்தித்துக் கேட்டுக்கொண்டார். பிறகுதான் ஜூன் 7 அன்று விரிவான உத்தரவு. அந்த வழக்கு அதோடு மூடப்படவில்லை. அதன் கிளைகளில் ஒன்று மேலே சொன்ன சொற்றொகுதி. இன்னொன்று, 2022-ல் காவல்துறை நடத்தை விதிகளில் பால்புதுமையினரையும் அவர்களுக்காக வேலை செய்பவர்களையும் துன்புறுத்தக் கூடாது என்று 24-சி என்ற விதி சேர்ந்தது. ‘மாற்றிக் காட்டுகிறேன்’ என்று மருந்தும் மின்னதிர்ச்சியும் கொடுக்கும் சிகிச்சை, நாடு முழுவதும் மருத்துவர்களுக்கு ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் அதே ஆண்டு அறிவித்தது. இத்தனையும், சேர்ந்து வாழ விரும்பிய இரண்டு பெண்கள் ஒளிந்துகொள்ள மறுத்ததால் வந்தவை.

பொது சுகாதாரத்தைச் சொல்லாமல் விட்டால் தப்பு. இந்தியாவில் ஹெச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது 1986-ல், சென்னையில். அடுத்த வருடமே தனக்குத் தொற்று இருப்பதை அறிந்தவர் நூரி, சென்னைத் திருநங்கை. அப்போது மருந்து கிடையாது; மருத்துவமனையில் கிட்டே வரவே பயந்த காலம். அவர் சாகவில்லை. தொற்றுள்ளவர்களை ஒன்று சேர்த்து அமைப்பு கட்டினார், ஹெச்.ஐ.வி. பாதித்த குழந்தைகளுக்கு இல்லம் தொடங்கி வளர்த்தார். பெற்ற குடும்பங்கள் தொட மறுத்த பிள்ளைகளுக்கு அம்மா ஆனது, தான் பிறந்த வீட்டை விட்டு வந்த ஒருவர். திருநங்கைகளுக்குள் மூத்தவர் இளையவரை மகளாகத் தத்தெடுப்பது வழக்கம், அதனால் அவருக்குத் தாயாவது புதிதாக இருந்திருக்காது. 1998-ல் சுனில் மேனன் தொடங்கிய சகோதரன் அமைப்பும் இதே வேலையை ஆண்களிடையே செய்தது. ஹெச்.ஐ.வி. தடுப்பில் தமிழ்நாடு நல்ல பெயர் வாங்கியது என்பார்கள். அதிகாரிகளுக்கு அதில் பங்கு உண்டு. இரவில் கடற்கரையிலும் பேருந்து நிலையத்திலும் ஆணுறைப் பொட்டலத்தோடு நடந்த இவர்களுக்கும் உண்டு.

இதுவரை பெரும்பாலும் திருநங்கைகளாகவே வந்ததைக் கவனித்திருப்பீர்கள். தன்பாலீர்ப்பு கொண்டவர்கள் எங்கே? இருக்கிறார்கள், நீங்கள் ரசித்த பாட்டிலும் படத்திலும் பாடத்திலும் இருந்திருப்பார்கள். திருநங்கை ஒளிய முடியாது, நடையும் உடையும் காட்டிக் கொடுக்கும். ஒரு ஆணை நேசிக்கும் ஆண், கல்யாணம் செய்துகொண்டு, பிள்ளை பெற்று, கடைசிவரை வாய் திறக்காமல் போய்விடலாம். 2018 செப்டம்பர் 6 வரை இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவு அவரைக் குற்றவாளி என்றது. ஆகவே ஊகம் செய்து பெயர் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. தானே வெளியே சொன்னவர்களில் தமிழருக்கு முக்கியமானவர் ஷ்யாம் செல்வதுரை. கொழும்பில் பிறந்து, 1983 கலவரத்துக்குப் பின் குடும்பத்தோடு கனடா போனவர். 1994-ல் வந்த ‘ஃபன்னி பாய்’ நாவலில், பெண்பிள்ளைகளோடு சேலை கட்டி விளையாட விரும்பும் ஒரு தமிழ்ப் பையனின் கண்வழியாக ஜூலைக் கலவரம் வருகிறது. ‘நீ எங்கள் கூட்டம் இல்லை’ என்று வீடு அவனிடம் சொல்கிறது. பிறகு நாடு அந்த வீட்டையே பார்த்து அதைச் சொல்கிறது. ஆங்கிலம் படிக்கும் உலகத்தில் பலருக்கு 83 என்றால் என்ன என்று தெரிய வைத்த புத்தகங்களில் அதுவும் ஒன்று. சென்னையிலும் 2003-ல் ஓரினம் தொடங்கியது, 2009 ஜூனில் வானவில் பேரணி தொடங்கியது. முகமூடி போட்டுக்கொண்டு நடந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அரசியலில் கணக்கு சிறியது. 2022 உள்ளாட்சித் தேர்தலில் வேலூர் மாநகராட்சியில் கங்கா கவுன்சிலரானார். நர்த்தகி நடராஜ் 2021-ல் மாநில வளர்ச்சிக் கொள்கைக் குழு உறுப்பினரானார். இவற்றைவிட ஆழமானது தூத்துக்குடி கிரேஸ் பானு பல வருடமாக எழுப்பும் ஒரு கேள்வி. 2015-ல் தமிழ்நாட்டு அரசு திருநங்கைகளை மிகப் பிற்படுத்தப்பட்டோர் (எம்.பி.சி.) பட்டியலில் சேர்த்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஒரு தலித் திருநங்கை என்ன செய்வார்? திருநங்கை என்று இடம் கேட்டால் எம்.பி.சி. வரிசையில் நிற்க வேண்டும், பட்டியல் சாதி இடத்தை விட வேண்டும். பட்டியல் சாதி என்று கேட்டால் திருநங்கை என்ற சலுகை இல்லை. அவர் கேட்பது, ஒவ்வொரு சாதிப் பிரிவுக்குள்ளும் திருநர்களுக்கு (திருநங்கை, திருநம்பி எல்லோருக்கும்) ஒரு உள்பங்கு. மாற்றுத்திறனாளிகளுக்கு இருப்பது போல, கிடைமட்ட இடஒதுக்கீடு. பக்கத்தில் கர்நாடகம் 2021-லேயே ஒரு சதவீதம் அப்படிக் கொடுத்துவிட்டது. இடஒதுக்கீட்டில் நூறு வருட அனுபவம் உள்ள மாநிலத்துக்கு, சாதியும் பாலினமும் ஒரே உடம்பில் சேர்ந்து நிற்கும்போது கணக்கை எப்படிப் போடுவது என்று சொல்லிக் கொடுத்துக்கொண்டிருப்பவர், 2014-ல் போராடிப் பொறியியல் கல்லூரியில் இடம் வாங்கிய ஒரு தலித் திருநங்கை.

எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம் என்று அடுத்துக் கேட்பீர்கள். ‘வெள்ளை மொழி’யை முதலில் எடுங்கள், பிறகு ‘நான், சரவணன் வித்யா’. இரண்டிலும் எழுதியவர் தன்னைப் பற்றிச் சொல்லும்போது அம்மாவும் அண்ணனும் அக்கம்பக்கமும் என்ன வினைமுற்றில் அழைக்கிறார்கள் என்பதை மட்டும் பென்சிலால் கோடிட்டுக்கொண்டே போங்கள். எந்தப் பக்கத்தில் ‘டா’ ‘டி’யாகிறது, யார் வாயிலிருந்து அது முதலில் வருகிறது என்று பாருங்கள். நான் அப்படித்தான் படித்தேன், விழுப்புரம் தொலைபேசிக்குப் பிறகு.